பேராதனையில் முதல் வருடம் முடிந்தது: சிவிலா, கைத்தொழில் பொறியியலா?

பொகவந்தலாவைப் பொடியன்:

எல்லோருக்கும் வணக்கம். பேராதனை பொறியியல் பீடத்தில் முதல் வருடம் எல்லோருக்கும் பொதுவாகப் போய்விட்டது, இப்போது எந்தத் துறை என்று விருப்ப வரிசை கொடுக்க வேண்டும். எனக்கு மனம் முழுக்க உற்பத்தி மற்றும் கைத்தொழில் பொறியியல் பக்கம்தான் போகிறது. வீட்டில் யாருக்கும் அது பிடிக்கவில்லை. அம்மா தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுக்கிறார், அப்பா ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து அரைக்கிற ரோல் ரூமில் வேலை. மாமா நேற்றுப் போனில் சொன்னது அப்படியே: "பாலம் கட்டினாய், ரோடு போட்டாய் என்றால் ஊருக்குக் காட்டலாம். கைத்தொழில் என்று எதைக் காட்டுவாய்?" எனக்குப் பதில் வரவில்லை. சீனியர் ஒருவர், அது கார்மென்டில் ஸ்டொப்வொச் பிடித்துக்கொண்டு நிற்கிற வேலை, மார்க்ஸ் இருந்தால் அந்தப் பக்கம் போகாதே என்கிறார். எங்கள் தோட்டத்து டிவிஷனில் இருந்து பொறியியலுக்குப் போன முதல் ஆள் நான், பிழையாகத் தெரிவு செய்துவிட்டால் பின்னால் வருகிறவர்களுக்கும் அதுவே ஒரு கதையாகிவிடும் என்று பயமாக இருக்கிறது. படித்தவர்கள், வேலை செய்கிறவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

அக்பர் பாலம்:

தம்பி, முதலில் வாழ்த்துகள். நான் அந்தத் துறையில்தான் படித்தேன். பழைய ஆட்கள் இன்னும் "ப்ரொடக்ஷன்" என்றுதான் சொல்வார்கள், முன்பு அதன் பெயர் அதுதான். எனக்கும் இதே கேள்வி வந்தது, என் அப்பாவுக்கு நான் விளங்கப்படுத்தியது கொழுந்து நிறுக்கிற மடுவத்தை வைத்து. உனக்கும் அதையே சொல்கிறேன்.

பகல் நிறுவை நேரம். கணக்குக்கு 60 பேர் என்று வை. எல்லோரும் ஒரே நேரத்தில் மலையில் இருந்து இறங்கி மடுவத்துக்கு வருகிறார்கள். ஒருவரின் கொழுந்தை நிறுத்து, கணக்குப்பிள்ளை கொப்பியில் போட்டு, அந்த அம்மாவின் கார்டிலும் போட்டுக் கொடுக்க 40 செக்கன். கடைசி ஆள் கிட்டத்தட்ட 40 நிமிடம் நிற்பார், சராசரியாக ஒருவர் 20 நிமிடம். 60 பேர், ஆளுக்கு 20 நிமிடம் என்றால் 20 மணித்தியாலம். ஒரு நிறுவைக்கு மட்டும். ஒரு நாளைக்கு மூன்று நிறுவை என்றால் 60 மணித்தியாலம் தலையில் சுமையோடும் காலில் அட்டையோடும் நின்றே போகிறது. இதை யாராவது எங்காவது எழுதி வைத்திருக்கிறார்களா? இல்லை. தராசு ஒழுங்காக வேலை செய்கிறது, கணக்கும் சரி, ஆகவே பிரச்சினை ஒன்றும் இல்லை என்று எல்லோரும் நினைக்கிறோம்.

இப்போது அந்த 40 செக்கனைப் பிரித்துப் பார். தராசில் வைத்து எண் நிற்க 12 செக்கன் போதும். மீதி எழுதுவதும் பெயர் தேடுவதும். எழுத இன்னொரு ஆள் இருந்தால், முதல் ஆளின் கார்டை அவர் எழுதும்போதே அடுத்த கூடை தராசில் ஏறிவிடும். 40 செக்கன் 20 ஆகும், நிற்கிற நேரம் பாதியாகும். அல்லது ஒரு செலவும் இல்லாமல், தூர மலையில் இருப்பவர்களை முதலிலும் கிட்ட இருப்பவர்களைப் பத்து நிமிடம் கழித்தும் இறங்கச் சொன்னாலே வரிசை உடைந்துவிடும். இதைக் கணக்காகச் செய்வதற்கு வரிசைக் கோட்பாடு என்று ஒரு பாடமே இருக்கிறது. டென்மார்க்கில் எர்லாங் என்பவர் 1909இல் டெலிபோன் அழைப்புகளுக்காகத் தொடங்கியது, இன்றைக்கு ஆஸ்பத்திரி கிளினிக் வரைக்கும் அதே கணக்குத்தான்.

அது ஒரு பாதி. மறுபாதி முழுக்க இயந்திரமும் உலோகமும்: வார்ப்பு, வெல்டிங், கடைசல், சீஎன்சி என்கிற கணினி இயக்கும் இயந்திரங்கள், பொருட்களின் தன்மை, கணினியில் வரைதல், தன்னியக்கம். வேர்க்ஷொப்பில் கை கறுக்காமல் இந்தத் துறையில் யாரும் வெளியே வர முடியாது. அதற்கு மேல் புள்ளிவிபரவியல், செயற்பாட்டு ஆராய்ச்சி, தரக் கட்டுப்பாடு, உற்பத்தித் திட்டமிடல், வேலை ஆய்வு, மனிதக் காரணி, தொழிற்சாலை அமைப்பு, பொறியியல் பொருளியல். இணைந்த கணிதத்தில் உனக்குப் புள்ளிவிபரமும் நிகழ்தகவும் பிடித்ததா? பிடித்திருந்தால் இந்தத் துறை உன்னோடு ஒட்டிக்கொள்ளும். அதைக் கண்டாலே ஓடுகிற ஆள் என்றால் இரண்டு முறை யோசி.

மடுல்சீமை மகன்:

மேலே உள்ளவர் அழகாகச் சொல்லிவிட்டார், ஆனால் இந்தப் படிப்பின் இன்னொரு முகத்தை யாராவது சொல்லத்தான் வேண்டும். நான் பொறியியல் படிக்கவில்லை, கணக்கியல். என் அம்மா 31 வருடம் கொழுந்து எடுத்தவர். நாள் முழுக்க மலையில் நின்றும் கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான். மழை என்றாலும் அரைப்பேர், கவ்வாத்து வெட்டி ஒழுங்காகக் கொழுந்து விடாத மலை என்றாலும் அரைப்பேர். ஒரு முறை நாளுக்கு இவ்வளவு கிலோ என்பதை இரண்டு கிலோ கூட்டினார்கள். ஏன் இரண்டு, யார் அளந்தது என்று கேட்டதற்கு "மேலே இருந்து வந்தது" என்ற ஒரு பதில்தான். அன்று மாலை அம்மா இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தது இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது.

இப்போது சொல்லுங்கள். ஒரு ஆளை நிற்கவைத்து, செக்கன் எண்ணி, இன்னும் எவ்வளவு பிழியலாம் என்று பார்ப்பதுதானே இந்தத் துறை? ஃபிரெடரிக் டெய்லர் அமெரிக்காவில் இரும்பாலைத் தொழிலாளி ஒரு மண்வெட்டிக்கு எவ்வளவு அள்ளினால் நாள் முடிவில் அதிகம் அள்ளுவான் என்று பார்த்து, ஏறத்தாழ 21 இறாத்தல் என்று கண்டுபிடித்தார். அந்தத் தொழிலாளியின் முதுகைப் பற்றி யார் எழுதினார்கள்? எங்கள் பிள்ளை ஒன்று படித்து வந்து எங்கள் ஆட்கள் மேலேயே அந்த மணிக்கூட்டைப் பிடிப்பதானால் சிவிலே மேல்.

பண்டாரவளை அக்கா:

மடுல்சீமைத் தம்பி, உங்கள் கோபத்தில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. நானும் லயத்தில் பிறந்தவள்தான். ஆடைத் தொழிற்சாலையில் ஒன்பது வருடமாக இந்த வேலை செய்கிறேன், அந்த ஸ்டொப்வொச் என் மேசை லாச்சியில் இருக்கிறது, ஆகவே நானே பதில் சொல்ல வேண்டும்.

ஒரு லைனில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். 30 பேர் வரிசையாக இருந்து ஒரு காற்சட்டையைத் தைக்கிறார்கள். பொக்கட் ஒருவர், சிப் ஒருவர், இடுப்புப் பட்டி ஒருவர். மற்ற எல்லோரும் 40 செக்கனுக்குள் முடிக்கிறார்கள், இடுப்புப் பட்டிக்காரிக்கு மட்டும் 50 செக்கன் போகிறது. அப்படியானால் அந்த லைனில் இருந்து மணிக்கு 72 உருப்படிதான் வரும், மற்ற 29 பேர் என்ன வேகத்தில் தைத்தாலும் சரி. அவள் பக்கத்தில் துணி மலைபோலக் குவியும், சுப்பர்வைசர் அவளைத்தான் ஏசுவார், அவள் பாத்ரூம் போகவும் பயப்படுவாள். நான் போய்ப் பார்த்தால் அவள் கை மெதுவானதே இல்லை. பட்டியை எடுக்க ஒவ்வொரு முறையும் இடது பக்கம் திரும்பிக் குனிகிறாள், நூல் வெட்டுகிற வேலையும் அவள் தலையில் விழுந்திருக்கிறது. பட்டியை வலது பக்கம் கை எட்டுகிற உயரத்தில் ஒரு தட்டில் வைத்து, நூல் வெட்டுவதை அடுத்த ஆளுக்கு மாற்றினால் 40 செக்கனுக்கு வந்துவிடும். மணிக்கு 90 உருப்படி. ஏச்சும் நின்றுவிடும். அந்தப் பிள்ளை அடுத்த நாள் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்புக்காகத்தான் நான் இந்த வேலையில் இருக்கிறேன்.

இதெல்லாம் கில்பிரெத் தம்பதி நூறு வருடத்துக்கு முன்பே காட்டிய வழிதான். ஃபிராங்க் கில்பிரெத் செங்கல் வைக்கிறவனின் 18 அசைவுகளை 5ஆகக் குறைத்தது வேகமாக ஓடு என்று சொல்லி இல்லை, குனியாமல் கல்லை எடுக்க ஒரு சாரக்கட்டு செய்து கொடுத்துத்தான். மனைவி லில்லியன் களைப்பைப் பற்றியே ஆராய்ந்தவர்.

ஆனால் உங்கள் பயம் பொய் இல்லை. மணிக்கு 90 வந்ததும், சரி, நாளைக்கு 100 என்று கேட்கிற மேலாளர்களையும் பார்த்திருக்கிறேன். அந்த இடத்தில் "இந்த வேலைக்கு அளந்த நேரம் இவ்வளவு, இதற்கு மேல் கேட்டால் தரம் விழும், ஆள் விழும்" என்று கணக்கோடு சொல்லத் தெரிந்த ஒருவர் அந்த அறையில் இருந்தாக வேண்டும். அது எங்கள் பிள்ளையாக இருந்தால் என்ன?

அக்பர் பாலம்:

அக்கா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன், ஏனென்றால் மடுல்சீமை மகன் கேட்ட "யார் அளந்தது" என்பதுதான் இந்த இழையிலேயே சரியான கேள்வி. முறையாக அளப்பது எப்படி என்று தெரிந்தால் உங்கள் அம்மாவுக்கு நடந்தது ஏன் பிழை என்று எண்ணிலேயே காட்டலாம்.

வேலை ஆய்வில் பார்த்த நேரத்தை அப்படியே எடுக்க மாட்டார்கள். முதலில் அந்த ஆள் வழமையான வேகத்திலா, அதைவிட வேகமாகவா செய்தார் என்று மதிப்பிட்டுத் திருத்துவார்கள். அதற்கு மேல் ஓய்வுக்கான சலுகை நேரம் கட்டாயம் சேர்க்க வேண்டும். சர்வதேச தொழிலாளர் ஸ்தாபனத்தின் வேலை ஆய்வுக் கைநூலில் உள்ள அட்டவணையில் பெண்களுக்குத் தனிப்பட்ட தேவைக்கு 7 சதவீதம், அடிப்படைக் களைப்புக்கு 4, நின்று செய்கிற வேலை என்றால் இன்னும் 4. ஆரம்பமே 15. அதன் பிறகு குனிதல், சுமை, வெயில், குளிர், ஈரம் எல்லாவற்றுக்கும் தனித்தனியாகக் கூட்ட வேண்டும்.

ஒரு உதாரணம் போடுகிறேன். நல்ல மலையில் ஒரு கிலோ எடுக்க 20 நிமிடம் என்று பார்த்ததாக வையுங்கள். அப்படியே 480 நிமிடத்தைப் பிரித்தால் 24 கிலோ. அந்த 15ஓடு சரிவுக்கும் சுமைக்கும் வெறும் 10 சேர்த்தாலே கிலோவுக்கு 25 நிமிடம், நாளைக்கு 19 கிலோ சொச்சம். இரண்டுக்கும் இடையில் கிட்டத்தட்ட ஐந்து கிலோ. அந்த ஐந்து கிலோதான் ஒரு பேருக்கும் அரைப்பேருக்கும் உள்ள தூரம். கவ்வாத்து முடிந்த மலையையும் நல்ல மலையையும் ஒரே எண்ணால் அளப்பது இந்தப் படிப்பின்படி பிழை. யாரும் இரக்கப்படச் சொல்லவில்லை, ஒழுங்காக அளந்தால் போதும். 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபா என்று வர்த்தமானியில் வந்தபோது எங்கள் பக்கத்தில் பேச்செல்லாம் ரூபாவைப் பற்றித்தான் இருந்தது, அந்தச் சம்பளத்துக்கு எத்தனை கிலோ, அந்தக் கிலோவை யார் எப்படி முடிவு செய்தது என்று கேட்க எங்கள் பக்கத்தில் படித்த ஆள் போதாது. எனக்கு இன்றைக்கும் அது உறுத்துகிறது.

தலவாக்கலை ஸ்டோர்:

நான் ஸ்டோரில் உத்தியோகத்தர். மடுவத்தைப் பற்றி நிறையப் பேசிவிட்டீர்கள், ஸ்டோருக்குள்ளே என்ன இருக்கிறது என்றும் தம்பிக்குத் தெரிய வேண்டும், அப்பா ரோல் ரூம் என்றால் கேட்டிருப்பாய்.

பச்சைக் கொழுந்து 100 கிலோ வந்தால் தூள் ஏறத்தாழ 22 கிலோ. இடையில் போவதெல்லாம் தண்ணீர். இரவு முழுக்க வாட்டுத் தட்டில் காற்று விட்டு வாட்டி, ரோதையில் போட்டு அரைத்து, சலித்து, புளிக்கவிட்டு, ட்ரையரில் போடுகிறோம். ட்ரையருக்குள் போன இலை வெளியே வர ஏறத்தாழ 20 நிமிடம், அதை அவசரப்படுத்த முடியாது. புளிக்கிற இலையும் காத்துக்கொண்டிருக்காது, நேரம் தாண்டினால் சாயம் மங்கிவிடும், ருசி பார்க்கிறவர் ஒரு மிடறில் கண்டுபிடித்துவிடுவார். அப்படியானால் அடுத்த சார்ஜை, அதாவது ஒரு தடவைக்குப் போடுகிற இலையை, ரோதையில் எத்தனை மணிக்குப் போடுவது என்பது ட்ரையரின் வாயில் இருந்து பின்னோக்கி எண்ண வேண்டிய கணக்கு. மழை நாளில் இலை ஈரமாக வரும், வாட்ட நேரம் கூடும், முழுக் கணக்கும் மாறும். இதைப் பழைய டீமேக்கர்மார் மூக்கால் செய்தார்கள், மணம் பிடித்தே சொல்வார்கள். நாங்கள் தட்டுத் தடுமாறிச் செய்கிறோம். இதற்கெல்லாம் ஒழுங்கான திட்டமிடல் தெரிந்த பொறியியலாளர் ஒருவர் ஒரு ஸ்டோருக்கு வேண்டாம், ஐந்து ஸ்டோருக்கு ஒருவர் இருந்தாலே மின்சாரமும் விறகும் எவ்வளவோ மிஞ்சும். நீ படித்துவிட்டு ஆடைத் தொழிற்சாலைக்குத்தான் போக வேண்டும் என்று ஒன்றும் இல்லை. 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் எங்கள் ஊரிலேயே இருக்கிறது, கைப்பயிற்சிக்கு இடம் தேடும்போது அந்தப் பக்கமும் கேட்டுப் பார்.

இறாகலை மாணவி:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். நான் உயர்தரம் கணிதப் பிரிவு, இரண்டாம் முறை எழுதப் போகிறேன். பொறியியலுக்கு வெட்டுப்புள்ளி எட்டவில்லை என்றால் இந்தத் துறைக்கு வேறு வழி இருக்கிறதா? என் தங்கை தொழில்நுட்பப் பிரிவு எடுக்க நினைக்கிறாள், அதிலிருந்து போகலாமா?

பண்டாரவளை அக்கா:

மன்னிப்பெல்லாம் எதற்கு தங்கச்சி, கேளுங்கள். முதலில், நுவரெலியா மாவட்டம் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் இருக்கிறது. அனுமதியில் 40 சதவீதம் முழு நாட்டுத் திறமைக்கு, 55 மாவட்டங்களுக்கு, மீதி 5 பின்தங்கிய மாவட்டங்களுக்கு. ஆகவே கொழும்பு வெட்டுப்புள்ளியைப் பார்த்து மனம் உடைய வேண்டாம், உங்கள் மாவட்டத்தினுடையதைப் பாருங்கள். தங்கை விஷயத்தில் கவனம்: தொழில்நுட்பப் பிரிவில் இருந்து போவது பொறியியல் தொழில்நுட்பப் பட்டம், பொறியியல் பட்டம் வேறு. இரண்டுக்கும் வேலை இருக்கிறது, ஆனால் ஒன்றென்று நினைத்துப் போய்விட்டுப் பிறகு அழக்கூடாது. வேலை செய்துகொண்டே படிக்க வேண்டும் என்றால் திறந்த பல்கலைக்கழகத்தின் கண்டி நிலையம் பொல்கொல்லையில் இருக்கிறது, என்னோடு வேலை செய்கிற இரண்டு பேர் அப்படித்தான் படித்தார்கள், வருடம் கூட எடுத்தது ஆனால் முடித்தார்கள். பதுளைப் பக்கம் என்றால் ஊவா வெல்லஸ்ஸவில் தேயிலைத் தொழில்நுட்பத்துக்கே ஒரு பட்டம் உண்டு. அப்புறம் இன்னொன்று, எந்த வழியில் போனாலும் சிங்களம் பேசப் பழகுங்கள். லைனில் இருக்கிற அக்காமாரோடு அவர்கள் மொழியில் பேசாமல் அவர்கள் வேலையை அளக்க முடியாது, அளந்தாலும் அவர்கள் உண்மை சொல்ல மாட்டார்கள்.

மடுல்சீமை மகன்:

அந்த 24, 19 கணக்கை நான் தாளில் போட்டுப் பார்த்தேன். அம்மாவுக்குப் போன் எடுத்து விளங்கப்படுத்தினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, பிறகு "அப்போ நான் மெதுவா எடுக்கலையா?" என்று கேட்டார். 31 வருடம் எடுத்த மனுஷி கேட்கிற கேள்வி அது. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

நான் முழுதாக மாறிவிடவில்லை. அளக்கிறவனுக்குச் சம்பளம் கொடுப்பது யார் என்பதைப் பொறுத்துத்தான் அளவு வரும் என்று இன்னும் நினைக்கிறேன். ஆனால் அளக்கவே தெரியாமல் நாங்கள் வெளியில் நின்று கத்துவதில் பிரயோசனம் குறைவு என்பதை ஏற்றுக்கொள்கிறேன். பொகவந்தலாவைத் தம்பி, நீ போவதென்றால் போ. ஒரே ஒரு வேண்டுகோள்: எந்தத் தொழிற்சாலையில் எந்த ஆளை அளந்தாலும், எழுதிய தாளை முதலில் அந்த ஆளிடமே காட்டு.

பொகவந்தலாவைப் பொடியன்:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. சனிக்கிழமை வீட்டுக்குப் போனேன். தலவாக்கலை அண்ணன் எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, "இது எனக்குத் தெரியுமே" என்றார். ட்ரையர்க்காரர் வாளியைத் தரையில் வைக்கிற சத்தம் கேட்டால் அடுத்த சார்ஜுக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று இவருக்குக் கணக்காம், 22 வருடமாக அப்படித்தான் போடுகிறாராம், யாரும் சொல்லிக் கொடுக்கவில்லையாம். ரோதைமுனிக்குப் பூசை வைக்கிற நாளில் மட்டும்தான் அந்தக் கணக்கு தவறுமாம், அன்றைக்கு மிஷின் பிந்தித் தொடங்கும். நான் ஒரு துண்டில் அம்புக்குறி போட்டு வாட்டுத் தட்டில் இருந்து ட்ரையர் வரைக்கும் கீறிக் காட்டினேன். அவர் பேனையை வாங்கி இரண்டு இடத்தில் திருத்தினார், அரைத்த இலைக் கட்டியை உடைத்துச் சலிக்கிற ரோல் பிரேக்கரை நான் பிழையான இடத்தில் போட்டிருந்தேன். அதன் பிறகு மாமாவுக்கு அவரே போன் எடுத்து, "பையன் ஸ்டோர் வேலையைத்தான் படிக்கப் போறான், விடுங்க" என்றார்.

விருப்ப வரிசையில் முதலாவதாக கைத்தொழில் பொறியியல் போட்டுவிட்டேன். அடுத்த லீவில் கணக்குப்பிள்ளையிடம் கேட்டுவிட்டு மடுவத்தில் ஒரு நாள் உட்கார்ந்து எழுதலாம் என்று இருக்கிறேன். அக்பர் பாலம் அண்ணன், என்னவெல்லாம் குறிக்க வேண்டும்?

அக்பர் பாலம்:

ஒரு கொப்பியில் மூன்று கோடு போதும்: ஆள் மடுவத்துக்கு வந்த நேரம், கொழுந்து தராசில் ஏறிய நேரம், கார்டு கைக்குத் திரும்பிய நேரம். பெயர் எழுதாதே, வரிசை எண் மட்டும். மழை பெய்தால் அதையும் ஓரத்தில் குறி. காலை, பகல், மாலை மூன்று நிறுவைக்கும் இரு, ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு வராதே. முன்கூட்டியே எல்லோருக்கும் எதற்கு எழுதுகிறாய் என்று சொல், இல்லையென்றால் நீ எழுதுவதைப் பார்த்தே எல்லோரும் அவசரப்படுவார்கள், எண் பிழைத்துவிடும். முடித்ததும் இங்கே போடு, சேர்ந்து கணக்குப் பார்ப்போம்.